பலகையில் இரண்டாவது வரி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஒரு சமூக மன்றம், பல நாட்டு உணவு மாலையில் இந்திய மேசையை எங்கள் தொழிலாளர் விடுதிக்குக் கொடுத்தபோது, சமையலை என் அறைத்தோழன் ஏற்றுக்கொண்டான். அறிவிப்புப் பலகையை நான் கேட்டு வாங்கினேன். கை கழுவ வேண்டும் என்பது முதல் வரி. வலது கையால் மட்டுமே சாப்பிட வேண்டும் என்பது இரண்டாவது. எல்லாம் ஆங்கிலத்தில், என் அழகான கையெழுத்தில்.

லிட்டில் இந்தியாவில் வாழை இலை வாங்கும்போது அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"எழுதிட்டியா? சரி" என்றான்.

"அன்னைக்காவது எங்ககூட உக்காந்து சாப்பிடணும் மாப்ள."

"நான் பரிமாறுறேன். நீங்க சாப்பிடுங்க."

இரண்டு வருடமாக இதே பதில்தான். அறையில் எல்லோருக்கும் சமைப்பான். தன் தட்டோடு மேல்கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். முதலில் கர்வம் என்று நினைத்தேன். பிறகு, எங்களைப் பிடிக்கவில்லையோ என்று வருத்தமாக இருந்தது. அந்த மாலையிலாவது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

பிரேசில் நாட்டுப் பெண் ஒருவர் பலகையை வரிவரியாகப் படித்துவிட்டு இலைமுன் அமர்ந்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு அவர் மணிக்கட்டுவரை வழிந்தது. சோறு மடியில் விழுந்தது. மூன்றாவது வாயோடு நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார்.

குழம்பு வாளியோடு நின்ற அறைத்தோழன் என்னை ஓரமாக இழுத்தான்.

"அவங்களுக்குப் பீச்சாங்கைப் பழக்கம்டா. வாசல்ல கையெழுத்துப் போட்டப்பவே பாத்தேன்."

"அதனால?"

"ஊர்ல எம்பேரே பீச்சாங்கைதான். எட்டு வயசுல ஒரு கல்யாணப் பந்தியில, அத்தன பேர் முன்னாடி எழுப்பிவிட்டாங்க. அப்புறம் யார்கூடயும் உக்காந்து சாப்பிட்டதில்ல." குரலைத் தாழ்த்தினான். "அந்த வரிய எடுத்துரு மாப்ள. பாவம், பசியோட எந்திரிச்சிருவாங்க."

அவன் கரண்டி பிடிப்பது இடது கையில் என்று தெரியும். சாப்பிடுவதும் அதே கைதான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தனக்காக இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லாதவன், இப்போது அவருக்காகக் கேட்கிறான்.

இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்தேன். அந்தப் பெண்ணிடம் போய், "தப்பு என்னுடையது, எந்தக் கை வசதியோ அதில் சாப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பக்கத்தில் இன்னொரு இலை போட்டேன்.

"யாருக்குடா?"

"உனக்குத்தான். உக்காரு."

விடுதி ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு, இடது கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். அந்தப் பெண் அவன் கையைப் பார்த்தார். மேசைக்கடியில் மடக்கி வைத்திருந்த தன் கையை மேலே எடுத்தார். நான் அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

நான்கைந்து வாய் உள்ளே போனதும் அவர் கண்ணில் நீர் முட்டியது. அவன் பதறிவிட்டான்.

"காரம் ஜாஸ்தியாடா?"

"ரெண்டு வருசமா ஜாஸ்திதான். கூட உக்காந்திருந்தா அப்பவே சொல்லியிருப்போம்ல."