ஒன்று மிஞ்ச வேண்டும்

நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் உஷா சூப்பர்வைசர் ஆனது கணக்கால்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்களில் பன்னிரண்டாவது முடித்தவள் அவள் ஒருத்தி. எந்த எண்ணைச் சொன்னாலும், அது எதெதால் வகுபடும் என்று கொழுந்தைக் கிள்ளும் வேகத்தில் சொல்லிவிடுவாள்.

காலையில் ஆட்கள் கூடும் இடம் பெரட்டுக்களம். நிரந்தரக்காரர்கள் முன்னால், தற்காலிகம் பின்னால், புதியவள் கடைசியில். கொழுந்தைக் குழுவாக நிறுப்பதால் குழுக்கள் சமமாக இருக்க வேண்டும். நாலு பேருக்குக் குறையாமல், பன்னிரண்டுக்கு மிகாமல், எத்தனை பேர் ஒரு குழு என்பது சூப்பர்வைசர் இஷ்டம். கடைசியில் மிஞ்சுகிறவருக்கு அன்று வேலையில்லை, வீட்டுக்குப் போகலாம். ஒருத்தி திரும்பினால் யாரும் கேட்பதில்லை. இரண்டு பேர் திரும்பினால் ஃபீல்டு ஆபீசர் டக்ளஸ் காரணம் கேட்பார்.

வரிசையின் கடைசியில் நின்றவள் தீபலட்சுமி, உஷாவின் தம்பி பெண்டாட்டி. வேறு இடத்தில் பெண் பேசி வைத்திருந்தபோது அவன் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாடுகாணி மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து செத்தும் போனான். "என் தம்பிய முழுங்கினவ" என்றுதான் உஷா சொல்லுவாள். அடுப்படியில் ஒரு மூலையை மட்டும் அவளுக்கும் பிள்ளைக்கும் விட்டிருந்தாள்.

வருஷக் கணக்கு முடிவதற்குள் போதிய நாள் வேலை சேர்ந்தால் தீபலட்சுமி நிரந்தரம். லயத்தில் தனி வீடும் கிடைக்கும். சேராவிட்டால் எஸ்டேட்டை விட்டே போக வேண்டியதுதான்.

உஷாவின் வழி எளிது. வந்தவர்களில் ஒன்றைக் கழிப்பாள். மீதி எதனால் வகுபடும் என்று பார்ப்பாள். ஐம்பத்தாறு பேர் வந்தால் எட்டெட்டாக நிறுத்தலாம், ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அவள் பதினொன்று பதினொன்றாக நிறுத்துவாள். ஐந்து குழு போக ஒருத்தி மிஞ்சுவாள். மீதி எதனாலும் வகுபடாத நாட்களில் மட்டும் தீபலட்சுமிக்கு வேலை கிடைத்தது.

"மிஞ்சிட்டியேடி! உன் ராசி அப்படி" என்பாள் உஷா. முன்வரிசை சிரிக்கும்.

வருஷக் கணக்கின் கடைசி நாள் வந்தது. தீபலட்சுமிக்கு இன்னும் ஒரே நாள் வேலை வேண்டும். அன்று வந்தவர்கள் நாற்பத்தெட்டுப் பேர்.

உஷா ஒன்றைக் கழித்தாள். நாற்பத்தேழு. ஒற்றைப்படை, இரண்டு ஒழிந்தது. நாலும் ஏழும் பதினொன்று, மூன்றும் ஒழிந்தது. கடைசியில் சைபரும் இல்லை, ஐந்தும் இல்லை. ஆறேழு நாற்பத்திரண்டு, ஏழேழு நாற்பத்தொன்பது என்று தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் சோதிக்கவே வேண்டாம். பகா எண்! எப்படி நிறுத்தினாலும் ஒருத்தி மட்டும் மிஞ்சப் போவதில்லை.

இத்தனை நாள் மிஞ்சி மிஞ்சியே தீபலட்சுமியும் கணக்குப் படித்திருந்தாள். வாய்கொள்ளாத சிரிப்போடு கேட்டாள்: "எட்டெட்டா நிக்கலாமா மதினி?"

அந்தச் சிரிப்புதான் உஷாவைச் சுட்டது. சுவரோரம் கிடந்த கூடையை எடுத்துத் தலையில் மாட்டினாள். பெரட்டில் கூடை மாட்டியவர் பறிப்புக்காரர், மாட்டாதவர் சூப்பர்வைசர் என்பது அங்கே எழுதாத சட்டம். எந்தச் சூப்பர்வைசரும் கூடையைத் தொட்டதில்லை.

"நானும் பறிக்கிறேன். நாப்பத்தொம்பது பேரு. நீ கேட்டபடியே எட்டெட்டா நில்லுங்கடி" என்று முதல் ஆளாகப் போய் நின்றாள்.

ஆறு குழு நின்றது. தீபலட்சுமி மிஞ்சினாள்.

"புள்ளைக்கு ஒரு கூரைதானே மதினி கேட்டேன்?"

"கூரை திருப்பூர்லயும் இருக்கு. போ."

சாயங்காலமே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

அன்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் டக்ளஸ் உஷாவைக் கூடையோடு பார்த்துவிட்டார். "மேய்க்க ஆளில்லாமலே எடை சரியா வந்திருக்கே! அப்புறம் சூப்பர்வைசர் எதுக்கு? நாளையிலிருந்து நீ பறி. பெரட்டுல ஆளுங்கள நானே நிறுத்திக்கிறேன்."

மறுநாள் கடைசி இடம் காலியாக இருந்தது. புதிதாகக் கூடைக்கு வந்தவள் என்று உஷாவை அங்கே நிறுத்தினார்கள். மொத்தம் நாற்பத்தெட்டுப் பேர். டக்ளஸ் பத்துப் பத்தாக எண்ணத் தொடங்கினார்.

"சார், எட்டெட்டா நின்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்ங்க."

"நேத்தும் எட்டெட்டாத்தானே நிறுத்தின? ஒருத்தி மிஞ்சினாளே! உன் கணக்கை மூட்டை கட்டி வை."

நாலு குழு போக எட்டுப் பேர் மிஞ்சினார்கள். மற்ற ஏழு பேரும் டக்ளஸைப் பார்க்கவில்லை, உஷாவைத்தான் பார்த்தார்கள்.

"மிஞ்சிட்டியேடி!" என்றாள் ஒருத்தி. இந்த முறை பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது.