காலி சீட்டில் ஒரு கைக்குட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நடந்தது இது. நானும் இன்னும் ஐந்தாறு பேரும் பல வருட சீசன் டிக்கெட்காரர்கள். பங்காரப்பேட்டையில் ஏறும் நண்பருக்காக, ஜன்னலோர சீட்டில் என் கைக்குட்டையைப் போட்டு வைப்பது வழக்கம். அதை யாராவது தொட்டால் சும்மா விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அன்று பங்காரப்பேட்டையில் நல்ல கூட்டம். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கையில் பெரிய ஸ்கேன் கவருடன் ஏறினார். கைக்குட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

“யம்மா, கர்சீப்பு போட்டிருக்கிறது தெரியல? டெய்லி வர்றவங்க சீட்டு இது. எந்திரி, எந்திரி!”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. “சாரிண்ணா, தெரியாது” என்று எழுந்தவர், வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ரயில் கிளம்பிய பிறகு நண்பரிடமிருந்து மெசேஜ் வந்தது. காய்ச்சலாம், இன்று லீவாம்.

சீட் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்தவர், “அந்தம்மாவ கூப்பிட்டு உக்கார வைப்பா” என்றார்.

“இப்ப எப்படி கூப்பிடறது? வுடு” என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எழுப்பும்போது பெட்டி முழுக்கக் கேட்ட குரல், கூப்பிட மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் நான் செய்தது தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே! அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. மாலூர் வரை அந்தச் சீட்டில் என் கைக்குட்டை மட்டும் சொகுசாகப் பயணம் செய்தது. மாலூரில் ஏறிய ஒருவர் அதைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நான் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வந்தது. பலர் காலில் மிதிபட்டுக் கைக்குட்டை கதவருகே போயிருந்தது. எனக்கு முன்னால் இறங்க நின்ற அந்தப் பெண் அதைப் பார்த்தார். குனிய முடியாமல் குனிந்து எடுத்து, தூசியை உதறி என்னிடம் நீட்டினார்.

“அண்ணா, உங்க கர்சீப்பு. கீழ விழுந்திருச்சு.”

குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் ஒரு பிஸ்கட் வாங்கினால்கூட “தாங்க்ஸ் சொன்னியா?” என்று மகளை மிரட்டுகிறவன் நான். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. மனசு கேட்காமல் பிளாட்பாரத்தில் ஓடிப்போய்த் தேடினேன். அதற்குள் கூட்டத்தில் எங்கோ போய்விட்டார்.

மறுநாளிலிருந்து சீட் பிடிப்பதை விட்டுவிட்டேன். நண்பர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மரியாதை என்றால் மற்றவர்கள் எனக்குத் தர வேண்டியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அந்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் நின்றுகொண்டே அனுபவித்த வலி நான் கொடுத்தது என்பது, இன்றும் ரயிலில் ஒரு காலி சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.