ஓர்ப்படி இருந்த விரதம்

பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, தவுவா ஊரில் எங்கள் கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஒரே பேச்சுத்தான். யாருக்கு வெளிநாட்டில் குடியேறப் பேப்பர் வந்தது, யார் எப்போது கிளம்புகிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்தது என் ஓர்ப்படிக்கு, அதாவது என் புருஷனின் அண்ணன் மனைவிக்கு. ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. நியூசிலாந்துப் பேப்பர் வந்த அன்று சிரித்த முகமாகப் போய் அவள் கையால் பாயசம் வாங்கிக் குடித்தேன். வயிறு எரிந்தது.

அவளுக்கு அப்போது ஏழு மாதம், எனக்கு ஐந்து. மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம் இருந்தாள், அதனால்தான் வந்தது என்று ஊரே சொல்லிற்று. பத்து நாளுக்கே நியூசிலாந்தா? நான் பேப்பர் வரும்வரைக்கும் இருக்கிறேன் என்று அடுத்த வெள்ளிக்கிழமையே காப்புக் கட்டிக்கொண்டேன். ஒரு வேளைச் சோறு, மற்ற நேரம் வெறும் தேத்தண்ணீர். மீன் இல்லை, முட்டை இல்லை. அம்மன் மேல் பக்தி என்று சொன்னால் பொய். அவளை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளினிக்கில் நர்ஸ் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பூர்வீகப் பிஜிக்காரி, ஆனால் இந்திய வம்சத்தவர்கள் நாங்கள் பேசும் இந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். ரத்தமே இல்லை, மீன் சாப்பிடு, தேங்காய்ப் பாலில் ரோரோ கீரை சாப்பிடு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். "நீ சாப்பிடாததைப் பிள்ளை எங்கே போய்த் தேடும்?" என்றாள். தலையாட்டினேன். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டியது, கரும்புக்குள் வீசிவிட்டேன்.

ஓர்ப்படிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாக. பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு அந்த ஒரு வேளைச் சோற்றிலும் பாதியைத் தள்ளிவைத்தேன்.

என் மகள் ஒரு மாதம் முந்திக்கொண்டு பிறந்தாள். ஒரு கையில் அடங்கினாள். நர்ஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எனக்குப் பால் சுரக்கவில்லை, பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஓர்ப்படி ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னைக் கேட்காமலே பிள்ளையைத் தூக்கித் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். என் பிள்ளை குடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான்.

"என்னாடி சாப்ட்ட இத்தன மாசமா?" என்றாள்.

"விரதம்க்கா. நீங்க இருந்தீங்களே, அதேதான்."

"நான் எங்கடி இருந்தேன்? புள்ளத்தாச்சிக்கு விரதம் கெடையாது, பேருக்குக் காப்பக் கட்டிக்கிட்டு வயிறார சாப்டுன்னாரு பூசாரி. பத்து நாளும் நல்லாத்தான் சாப்ட்டேன். ஒனக்குச் சொல்லலியா அவரு?"

சொன்னார். எனக்கும் அதையேதான் சொன்னார். அவள் அவர் பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவள் விமானம் ஏறினாள். எங்களுக்குப் பேப்பர் வரவேயில்லை. மகள் பவுடர் பாலில் பிழைத்தாள், ஆனால் எல்லாமே தாமதம். அவளுக்கு இரண்டு வயது தாண்டியபோது நியூசிலாந்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஓர்ப்படி மகன் புல்வெளியில் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுகிறான். என் மகள் எதையும் பிடிக்காமல் முதல்முறை எழுந்து நின்றதும் அன்றைக்குத்தான். என் புருஷன் கூப்பிட்டுக் காட்டினார். நான் போட்டோவில் அந்தப் பையனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.