அரங்கநாதரிடம் கப்பலுக்குக் கேட்ட பூ

செஞ்சியை அடுத்த சிங்கவரம் மலையடிவாரத்தில் நிற்கிறோம். விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவருக்கும் உல்லாசக் கப்பல் வேண்டும், எனக்குக் காசி. பெரியவன் அடுத்த வருடம் விடுதிக்குப் போய்விடுவான். நாலு பேரும் சேர்ந்து போவது இதுதான் கடைசி. அதனால் அரங்கநாதர் முன்னால் பூக்கட்டிப் பார்க்க வந்திருக்கிறோம். வெள்ளை வந்தால் கப்பல், சிவப்பு வந்தால் காசி. அவர் காசி என்றுதான் சொல்வார்.

பூக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி இரண்டு பூவும் கேட்கிறேன்.

"இன்னாண்ணா நீ! அவுரே கடல் மேல படுத்துனு இருக்காரு. அவுராண்ட போயி கப்பல் வேணாம்னு சொல்லச் சொல்றியே!"

காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்த மகள் தலை தூக்கிச் சிரிக்கிறாள்.

துளசி மட்டும் வாங்கிப் படியேறுகிறேன். கப்பலில் நாலு பேருக்கும் ஒரே அறையாகக் கிடைக்க வேண்டும் பெருமாளே. பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை.