மொட்டை மாடி ஆமையும் பித்தளை ஆமையும்

எங்க ஆமை இன்னைக்கு மத்தியானம் செத்துப்போச்சு.

ஒத்தக்கடையில இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்தப்பவே கீழ்வீட்டு ஓனர் அண்ணே சொல்லிட்டாரு. "ஆமை வீட்டுக்குள்ள வரக்கூடாது தம்பி, குடும்பத்துக்கு ஆகாது. மொட்டை மாடியில வேணா வச்சுக்கங்க."

மார்கழிப் பனிக்குத் தொட்டியைச் சாக்கு போட்டு மூடுனேன். வெயிலுக்குத் தகரம் போட்டேன். தகரத்துக்குக் கீழ நிழல்னு நெனச்ச முட்டாள் நான்தான். இன்னைக்குச் சாப்பிட வந்து பாத்தா, தொட்டித் தண்ணியில கை வைக்க முடியல.

"சித்திரை முடியற வரைக்கும் உள்ள வச்சுக்கிறேண்ணே"ன்னு போன வாரம்தான் கெஞ்சுனேன். "ஒரு நாள்கூட ஆகாது"ன்னுட்டாரு.

செத்ததைச் சொல்லிட்டு வருவோம்னு கீழ போனேன். ஹால்ல புதுசா ஒரு கண்ணாடிக் கிண்ணம். உள்ள பித்தளை ஆமை. வாஸ்துக்காரர் வைக்கச் சொன்னாராம்.

"தெனமும் பச்சத்தண்ணி மாத்தணுமாம் தம்பி"ன்னாரு, பக்தியா. கிண்ணத்துக்கு நேர் மேல ஃபேன் சுத்துது.

செத்ததைச் சொல்லாமயே மேல ஏறி வந்துட்டேன். சொன்னா, "நல்லவேளை, வீட்டுக்குள்ள சாகல"ம்பாரு.

வேற வீடு பாக்குறேன் மாப்ளைகளா. ஆமையை உள்ள விடுற ஓனர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. ஆமைதான் இல்ல.