மூன்று நாளில் துபாய்க்குப் போன தாய்வீடு

விசா எடுத்துக் கொடுக்கும் தொழிலில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். நிதானமாக வந்த வாடிக்கையாளர் ஒருவரைக்கூட இன்னும் பார்க்கவில்லை. போன வருஷம் ஒருவர் விமானப் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு போனில் விசா கேட்டார். அடுத்த காலைத் தூக்குவதற்குள் வாங்கிக் கொடுத்தேன். நம்பாதவர்கள் அந்தப் படிக்கட்டைக் கேட்டுக்கொள்ளலாம். கடைசி நாளில் பாஸ்போர்ட்டைத் தேடி பீரோவைக் கவிழ்த்தவர்கள் மேலே படியுங்கள். நீங்கள் நம் ஆட்கள்.

வியாழன்

தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் என் ஆபீஸ். சாயங்காலம் பொம்மிடியிலிருந்து முனியம்மாவும் அவர் வீட்டுக்காரர் மாதையனும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். மகள் துபாயில் நிறைமாதம். திங்கட்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் அன்றுதான் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் விமானம் ஏறினால்தான் உண்டு.

மகளை முன்னாலேயே இங்கே கூட்டி வந்திருக்கலாமே என்றேன். முனியம்மா சொன்னார்: "நெறமாசக்காரிய பிளேன்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. தலைப்பிரசவம் தாய்வூட்டுலதானுங்க ஆகணும். அவளால வர முடியல, அதனால தாய்வூடு அங்க போவுது."

பத்து விரல்

வெள்ளைப் பின்னணியில் போட்டோ கேட்டிருந்தேன். மறுநாள் காலை, வீட்டிலேயே எடுத்ததைச் செல்போனில் காட்டினார்கள். முனியம்மாவுக்குப் பின்னால் மாதையனின் வேட்டி தொங்கியது. தலைக்கு மேலே பச்சைக் கரை. கரையின் இரு முனையிலும் ஐந்தைந்து விரல்.

யாருடையது என்று கேட்டேன். மாதையன் சொன்னார்: "என் வெரலுதானுங்க. கறவ மாட்ட வுட்டுட்டு நான் போவ முடியாது. வெரலாவது போயி பேரப்புள்ளயப் பாக்கட்டும், வுட்டுடுங்க."

பத்தே முக்கால்

கீழே ஸ்டுடியோவுக்கு ஓட வைத்து வேறு போட்டோ எடுத்தாயிற்று. எல்லாம் ஏற்றி, அனுப்பும் பட்டனில் விரலை வைத்தேன். முனியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால், ராகு காலம். பன்னிரண்டு வரை விடமாட்டாராம். துபாயிலோ வெள்ளிக்கிழமை மதியத்தோடு ஆபீஸை மூடிவிடுவார்கள், அப்புறம் திங்கட்கிழமைதான். குழந்தை முந்திக்கொள்ளும்.

"அம்மா, பேப்பர் போய்ச் சேர்வது துபாயில். அங்கே இப்போது ஒன்பதே கால்தான். ஊருக்கு ஒரு ராகு, அந்த ஊர் ராகு இன்னும் பல்லே விளக்கவில்லை" என்றேன்.

பிடி தளர்ந்தது. "அப்ப அமுக்குங்க. ஆனா அங்க ராகு வர்றப்ப எம் பேப்பர யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிருங்க."

ஒன்றே கால்

மதியம் ஒன்றே காலுக்கு விசா வந்து விழுந்தது. அங்கே பதினொன்றே முக்கால். அசல் துபாய் ராகு காலம்! திரையின் மேல் என் துண்டைப் போட்டு மூடினேன். ராகு போனபின், ஒன்று முப்பத்தொன்றுக்குப் பிரிண்ட் எடுத்தேன். மாதையன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மனைவியின் படத்தைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை துபாயிலிருந்து முனியம்மாவின் போன். பேத்தி, தாயும் சேயும் நலம். பிறகு குரல் தாழ்ந்தது: "ஜாதகம் எழுதணுமுங்க. இங்க ஏழே காலுக்குப் பொறந்தா, ராகு வரல. நம்மூருல அப்ப எட்டே முக்கால், ராகு இன்னும் போவல. ஊருக்கு ஒரு ராகுன்னு நீங்கதான சொன்னீங்க, இவளுக்கு எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

துபாய்க் கணக்குத்தான் என்று சத்தியம் செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்: விசாவுக்குக் காலாவதி தேதி உண்டு, விசா வாங்க விட்ட கதைக்குக் கிடையாது.