கால் வீக்கத்தை மறைத்தேன்

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. அப்போது சதுரங்கப்பட்டினத்தில் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தேன். கணவர் எய்ட்ஸில் இறந்த பிறகு பரிசோதித்ததில் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஆனால் காய்ச்சல், இருமல் எதுவும் கிடையாது. யாரிடமும் சொல்லாமல், சொந்தங்களை விட்டு விலகி, புதுப்பட்டினத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன்.

சில நாட்களாக இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டாலே வலித்தது. கடையில் நின்றுகொண்டே இருப்பதால்தான் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். டாக்டரிடம் போனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே!

ஒரு நாள் காலையில், பஸ்ஸுக்கு நின்றபோது திடீரென்று நெஞ்சில் குத்தியது. இழுத்த மூச்சு பாதியில் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தார். "இன்னாம்மா, இப்டி மூச்சு வாங்குது? வூட்ல ஆரு கீறாங்க?"

யாருமில்லை என்று தலையாட்டினேன். கூடையோடு என்னையும் ஆட்டோவில் ஏற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விட்டார்.

காலை அழுத்திப் பார்த்த டாக்டர், "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்றார். அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? மூச்சு மறுபடி அடைக்கவும் பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன். என் வாயால் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஸ்கேன் பார்த்துவிட்டு, காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு நுரையீரலை அடைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். "அறிகுறி இல்லேன்னாலும் கிருமி சும்மா இருக்காதும்மா. ரத்தம் உறையறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கால் வீங்கினதுமே வந்திருக்கணும்."

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் காணவில்லை. வார்டில் ஒவ்வொரு கட்டிலருகிலும் யாராவது இருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ என் காலைத் தூக்கினார்கள். அவர்தான்! தலைச்சும்மாட்டுத் துணியை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார். "ஒசத்தி வெய்க்கணும்னு நர்ஸம்மா சொல்லிச்சு. கவுச்சி அடிக்கும், பொறுத்துக்க."

"டாக்டர்கிட்ட நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதுக்கு இன்னா இப்போ? கால நீட்டு."

பொழுது சாயும்வரை இருந்துவிட்டுப் போனார். அப்புறம் வார்டில் என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. தேறி வந்து, பஸ் நிறுத்தத்தில் எத்தனையோ காலைகள் தேடினேன். அவர் கண்ணில் படவே இல்லை.

ஊசியும் மாத்திரையும் உயிரைக் காப்பாற்றின. ஆனால் எல்லாம் தெரிந்தபின்னும் என்னைத் தொட்ட முதல் கை அவருடையது. இன்றும் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.